ஒரே காய், இரு மலைகள்

போடிநாயக்கனூரில் விடியுமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். தூக்குவாளியும் கையுமாக நெருக்கியடித்து அமர்ந்த பெண்கள், முந்தல் வழியே போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்வர். காய் விலை சரியும் நாள்களில் ஊரில் ஒரு பெயர் அடிபடும்: குவாதமாலா. போட்டியாளனின் பெயராகவே அதைக் கேட்டுப் பழகிய நான், அங்கும் மனிதர் வாழ்கின்றனர் என்பதைக் காலந்தாழ்ந்தே எண்ணிப் பார்த்தேன்.

மெக்சிகோவுக்குத் தெற்கே, பசிபிக் பெருங்கடலுக்கும் கரீபியன் கடலுக்கும் இடையே அமைந்த அந்நாடு தமிழகத்தைவிடச் சற்றே சிறியது. எரிமலைகள் மலிந்தது. 4,220 மீட்டர் உயரமுள்ள தாகுமுல்கோ சிகரமே மத்திய அமெரிக்காவில் மிக உயர்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட மாயா மொழிகள் இன்றும் அங்கு வழங்குகின்றன. மக்காச்சோள அடையே அன்றாட உணவு. இடுப்பில் பிணைத்த தறியில் பெண்கள் நெய்யும் ஆடையின் வேலைப்பாடு, அவர்களது ஊரையே சொல்லிவிடும்.

நம் மலைக்குரிய ஏலச்செடியை 1914-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானியத் தோட்ட முதலாளி ஒருவர் அந்நாட்டின் கோபான் பகுதியில் நட்டார். மேகமும் சாரலும் நீங்காத அம்மலையில் அது தழைத்தது. இன்று ஏல ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பது அந்நாடே. அதைப் பயிரிடும் கெக்சி மாயா மக்களோ தம் உணவில் ஏலத்தை அரிதாகவே சேர்க்கின்றனர். காய் அரபு நாடுகளின் காப்பிக்கு மணமூட்டச் செல்கிறது.

அம்மலைநாட்டின் பெயர் வெராபாஸ். 'மெய்ச்சமாதானம்' என்பது பொருள். வாளின்றி நற்செய்தியை மட்டுமே ஏந்திச் செல்வோம் என 1537-இல் உறுதிபூண்ட தொமினிக்கன் துறவி லாஸ் காசாஸின் முயற்சியால் வாய்த்த பெயர். ஆயினும் 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பெரும்பாலோர் மாயா மக்கள். 1967 முதல் வெராபாஸ் ஆயராகப் பணியாற்றிய ஹுவான் ஹெரார்தி, பிற்காலத்தில் அம்மக்களின் சாட்சியங்களைத் திரட்டும் திருச்சபைப் பணிக்குத் தலைமையேற்றார். 1998 ஏப்ரல் 24-இல் அந்த அறிக்கையை வெளியிட்டார். இரண்டே நாளில் கொல்லப்பட்டார்.

இப்போதும் விலை சரிந்தால் போடியில் குவாதமாலாவின் பெயர் அடிபடுகிறது. அதைக் கேட்கையில், ஈரச்சரிவில் குனிந்து காய் பறிக்கும் ஒரு கெக்சித் தாய் என் நினைவில் எழுகிறாள். ஜீப்பில் ஏறும் நம் சகோதரிக்காகச் செபிக்கும்போது, அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.