தண்ணி எங்கே போகுது, டீச்சர்?

2023 டிசம்பருக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் வரையும் ஆறு மாறிவிட்டது. அதற்கு முன்னால் ஏரல் பக்கத்துப் பிள்ளை ஒன்றிடம் ஆறு வரையச் சொன்னால் இரண்டு வாழைமரம், நடுவில் நீல நிறத்தில் ஒரு வளைவு, அதில் பெரிய மீன் ஒன்று வரும். வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தபோது நீல கிரேயானை யாரும் தொடவில்லை. தாள் முழுக்கப் பழுப்பு. அதன்மேல் ஒரு மொட்டைமாடி. அதில் வரிசையாகக் குச்சி மனிதர்கள், பக்கத்தில் ஓர் ஆடு. "ஆறு எங்கேப்பா?" என்று வரைந்த பையனிடம் கேட்டேன். அவன் உள்ளங்கையால் தாள் முழுவதையும் தடவிக் காட்டினான்.

அவன் காட்டியதில் மிகை இல்லை. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். ரயிலில் வந்தவர்கள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணியில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஏரல் பாலம் சேதப்பட்டது, கடைவீதி முழுகியது, ஊர் துண்டிக்கப்பட்டது. புத்தகப் பையையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசு மறுபடி புத்தகம் கொடுத்தது. புத்தகம் வந்துவிட்டது, ஆற்றின் மேலிருந்த நம்பிக்கை வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஆத்துக்கு நம்ம மேல கோவமா?"

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறவளுக்கு இதைவிடக் கடினமான கேள்வி வராது. 'ஆற்றைக் காப்போம்' என்று கரும்பலகையில் எழுதுகிறோம். வீட்டுக்குள் வந்து பாயையும் அரிசியையும் அள்ளிக்கொண்டு போன ஆற்றை அந்தப் பிள்ளை எதற்காகக் காக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆற்றுக்குக் கோபம் இல்லை, அதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன். சொல்வது எளிது, காட்ட வேண்டுமே.

சுற்றுச்சூழலைப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்பது இந்த நாட்டில் புதிய சட்டமல்ல. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று, அதைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் பாடப்புத்தகம் வந்தது, பள்ளிகளில் மன்றங்கள் வந்தன, ஜூன் 5 வந்தால் ஓவியப்போட்டி வருகிறது. போட்டித் தாள்களைப் பார்த்தால் உருகும் பனிமலை இருக்கும், தனியாக நிற்கும் பனிக்கரடி இருக்கும், காய்ச்சல் கண்ட பூமிப்பந்து வாயில் தெர்மாமீட்டரோடு இருக்கும். பிள்ளைகள் அழகாகத்தான் வரைகிறார்கள். ஆனால் ஓசோன் படலம் பற்றிப் பத்து வரி ஒப்பிக்கிற பிள்ளைக்கு, பள்ளிக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. காலை உணவு சாப்பிட்டுத் தட்டுக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் தெரிவதில்லை. தன் காலடியில் தொடங்காத பாடம் பிள்ளையின் மனசில் நிற்காது. தூரத்துத் துயரம் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பாரமாகத்தான் இருக்கும், பாடமாக இருக்காது.

ஆகவே தட்டுக் கழுவுகிற இடத்தில் தொடங்கினோம். "தண்ணி எங்கே போகுது?" குழாயடியிலிருந்து வாறுகாலுக்கு. வாறுகால் தெருமுனையில் திரும்பி வாய்க்காலில் விழுகிறது. தெருவின் சரிவு எந்தப் பக்கம் என்று காகிதக் கப்பல் விட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்காலுக்கு அருகே பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவைத்துவிட்டு, பெரியவர்கள் இறங்கி அடைப்பில் கிடந்த சேற்றைக் கொஞ்சம் வாரிப்போட்டார்கள். சேற்றில் வாழையிலைகள் இருந்தன, நரம்பு மட்டும் மிஞ்சி, கைபட்டதும் கரைகிற நிலையில். ஷாம்பு பாக்கெட்டுகள் இருந்தன, டீக்கடைக் கப்புகள், ஒற்றைச் செருப்பு. பிஸ்கட் உறை ஒன்றைக் குச்சியால் இழுத்துப்போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவியதும் படமும் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. தயாரித்த தேதியை ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். உடனே இன்னொருத்தி, "லேய், இது நீ பொறக்குறதுக்கு முன்னாடி உள்ளதுலே!" என்றாள். வகுப்பே அந்த உறையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. நெகிழி மட்காது என்று நான் அதற்குமுன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர்களுக்கு அது விளங்கியது.

அந்த வழியாகச் சைக்கிளில் வந்த விவசாயி ஒருவர், எங்களைப் பார்த்து நின்றார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறவர். "ஏ மக்கா, மடைய அடைச்சா தண்ணி திரும்பிப் போயிருமா? போவாது. உங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும்" என்றார். அதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. அதையே மறுநாள் பள்ளி முற்றத்து மணலில் செய்து பார்த்தோம். மேற்கே மணல் குவித்துப் பொதிகை மலை. அங்கிருந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், கடைசியில் கடலோரம் புன்னைக்காயல். ஸ்ரீவைகுண்டம் அணையில் ஒரு கல், அதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கோடு. கரையோரம் தீப்பெட்டி வீடுகள். செம்பிலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் ஆறு ஓடியது. மண்ணையும் குச்சியையும் குறுக்கே போட்டு ஊற்றினால் தீப்பெட்டிகள் மிதந்தன. பிறகு ஒரு வாளித் தண்ணீரையும் மொத்தமாகக் கவிழ்த்தோம். குறுக்கே ஒன்றுமே இல்லாதபோதும் எல்லா வீடும் போனது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்போம். 2023இல் பெய்த மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்கியிருக்காது. ஆனால் வந்த தண்ணீர் எத்தனை சீக்கிரம் வடிந்தது, எந்தத் தெருவில் தேங்கி நின்றது என்பதெல்லாம் வழி திறந்திருந்ததா என்பதைப் பொறுத்த விஷயம். அமலைச்செடி மூடிய வாய்க்காலும் சீமைக்கருவேலம் மண்டிய குளமும் தண்ணீரைத் தடுக்கத்தான் செய்யும். பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டார்கள். வாளியைக் கவிழ்த்த பிறகும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "இன்னொரு தடவை, டீச்சர்" என்றார்கள்.

ஆறு எடுத்ததைப் பேசினால் போதாது. கொடுத்ததையும் காட்ட வேண்டும். அதற்குக் கொற்கை பக்கத்திலேயே இருக்கிறது. பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன பட்டினம், இன்று குளமும் வயலும் பழைய வன்னிமரமும் உள்ள சிற்றூர். கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. 1960களின் கடைசியில் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. சங்கு அறுத்து வளையல் செய்த ஊர் இது. கொற்கைக்குப் போனால் பிள்ளைகளின் கண் தரையிலேயே இருக்கிறது. உழுத நிலத்தில் சிப்பித் துண்டு கிடைத்ததும், "கடல் இங்கயா இருந்துச்சு?" என்று ஓடிவருகிறார்கள். பொதிகையிலிருந்து ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் கடலைத் தள்ளி நிலமாக்கியது என்று சொன்னால், குனிந்து காலுக்குக் கீழே பார்க்கிறார்கள். நெல்லும் வாழையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் அந்த வண்டலில் விளைகிறவை. வெள்ளத்தைத் தாண்டியும் ஆற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது அவர்களுக்கு அங்கேதான் உறைக்கிறது.

கிழக்கே இன்னும் கொஞ்ச தூரம் யோசித்தால் புன்னைக்காயல். நம் வாறுகாலில் விழுந்த ஷாம்பு பாக்கெட் கடைசியில் சேருமிடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் பக்கம் வரை 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல், அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்கிற கடற்பசு. 1986இல் இது தேசியப் பூங்காவானது. இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். வகுப்பில் கடலோர உறவுக்காரர் உள்ள பிள்ளை ஒன்று இருந்தாலே போதும், வலையில் மீனோடு பிளாஸ்டிக் கவரும் ஏறிவருகிற கதையை மற்றவர்களுக்கு அதுவே சொல்லிவிடும்.

பறவைகளும் இந்தப் பாடத்தில் உண்டு. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று, 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கணக்கெடுக்க வேண்டாம், பேர் தெரிந்தால் போதும். நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டது நாமக்கோழி, கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டுவது பாம்புத்தாரா, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போவது முக்குளிப்பான். பேர் தெரிந்த பறவை மேல் பிள்ளை கல் எறியாது; அடுத்த வருஷம் அது வந்ததா என்று கேட்கும்.

இவ்வளவும் பேசினால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். ஜப்பானில் கமைஷி என்றொரு கடற்கரை நகரம். அங்கே சுனாமி எப்படி வரும், தங்கள் தெருவிலிருந்து மேட்டுக்குப் போகும் வழி எது என்று பிள்ளைகளையே வரைபடம் போடவைத்துப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்ததும் உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் யாருக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். வழியில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார்கள். அன்று அந்த நகரத்தின் பள்ளிகளில் இருந்த ஏறத்தாழ 3,000 பிள்ளைகளும் பிழைத்தார்கள். தண்ணீரின் வழி தெரிந்ததால்தான் அவர்கள் கால் சரியான திசையில் ஓடியது. தெரியாமல் இருப்பதுதான் பயம்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளின் தலையில் ஏற்றக் கூடாது. வாறுகாலைத் தூர்வாருவதும், குளத்து மறுகால் ஆக்கிரமிப்பை அகற்றுவதும், குப்பை வண்டி ஒழுங்காக வரச் செய்வதும் அவர்கள் வேலை அல்ல. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பள்ளியில் அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிற பிள்ளையின் கையில் நாமே கேரி பேக்கைக் கொடுத்தால், அது எதை நம்பும்? பாடத்தையா, நம்மையா? பிள்ளை தன் தட்டைக் கழுவும், தன் மிட்டாய்க் காகிதத்தைத் தொட்டியில் போடும், தான் நட்ட பனைவிதைக்குக் காவல் இருக்கும். அவ்வளவு போதும். மீதி எல்லாம் நம்முடையது.

ஏரலில் இதை நான் உரிமையோடு சொல்வேன். சேர்மன் அருணாசல சுவாமி, இந்த ஊரின் சேர்மனாக இருந்து 1908இல் ஆடி அமாவாசை அன்று மறைந்தவர். ஊர்ப் பொறுப்பைச் சரியாகப் பார்த்த ஒருவரைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கெங்கிருந்தோ சனங்கள் வந்து இந்த ஆற்றில்தான் முழுகுகிறார்கள். அவர்கள் போன மறுநாள் கரை எப்படிக் கிடக்கிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பாடப்புத்தகத்தைவிட அதைத்தான் கவனமாகப் படிக்கிறார்கள்.

ஆகவே தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒவ்வோர் ஆரம்பப் பள்ளியும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கட்டும். குழாயடியில் தொடங்கி வாறுகால் வழியே தண்ணீர் போகிற இடம்வரை பிள்ளைகள் நடக்கட்டும். அந்த நடையில் ஆசிரியர் மட்டும் போதாது. பேரூராட்சியிலிருந்து ஒருவர் வர வேண்டும், பாசனம் தெரிந்த விவசாயி ஒருவர் வர வேண்டும், பெற்றோர் வர வேண்டும். அடைப்பு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கைநீட்டிக் காட்டுவார்கள். அதை எடுத்துப்போட வேண்டிய பெரியவர்கள் அப்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும்.