உம்மா பார்த்த கல்



என் இடக்கையில் ஒரு மின்னணுக் கடிகாரம் இருக்கிறது. மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு அதன்மேல் தனி ஆசை. இருட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முகம் முழுவதும் நீலப்பச்சையாய் ஒளிரும். மணி காட்டும் எண்களுக்குப் பக்கத்தில் நிலவின் வளர்ச்சியும் தேய்வும் சிறு வட்டமாய்த் தெரியும். அதனருகே கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் காட்டும் கோடு ஒன்று எழுவதும் தாழ்வதுமாய் இருக்கும். 2013-ஆம் ஆண்டு துபையிலிருந்து விடுமுறையில் வந்த என் மைத்துனர் தந்த அன்பளிப்பு அது. "கீழக்கரைக்காரருக்கு ஏற்ற கடிகாரம், மச்சான்" என்று சொல்லிக் கையில் கட்டிவிட்டார்.

அதன் விளக்கே எனக்கு முதல் சங்கடத்தைத் தந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் தானே ஒளிரும் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. சுபுஹு நேரத்தில் பள்ளிவாசலின் அரையிருளில் தக்பீர் கட்டக் கையை உயர்த்தினால் என் கையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம்! ருகூவிலிருந்து நிமிர்ந்தால் இன்னொன்று! "ஹஜ்ரத் மின்மினிப்பூச்சி வைத்திருக்கிறார்" என்று பின்வரிசைச் சிறுவர்கள் சிரித்தார்கள். விளக்குப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அந்தத் தானியங்கி நின்றுவிடும் என்பதைப் பத்து நாள் கழித்தே கண்டுபிடித்தேன். கடிகாரத்தோடு வந்த சிறு கையேட்டைப் படித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதன் எழுத்தோ எறும்பு ஊர்ந்தது போன்றது. நானோ வரலாறு படித்த கலைப் பட்டதாரி. எறிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன்.

நேரத்தையும் அப்படியே வைத்தேன். இடப்பக்க மேல்பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முதலில் ஓர் ஊரின் பெயர் மூன்று ஆங்கில எழுத்துகளில் மினுக்கும். அது டோக்கியோ என்று கண்டேன். நமக்கும் டோக்கியோவுக்கும் என்ன தொடர்பு என்று அதைத் தாண்டிப்போய், மணியையும் நிமிடத்தையும் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றினேன். எண்கள் சரியாக ஓடின. கடல் கோடும் ஓடியது. நம் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி. அந்தக் கோடு சொல்வது மெய்யா பொய்யா என்று நின்று பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உம்மாவை மும்பைக்கு அழைத்துச் சென்றேன். தாராவியில் தோல் தொழில் செய்யும் என் தம்பியின் வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். ஊர் திரும்பும் நாளன்று, கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலீ தர்காவையும் பள்ளிவாசலையும் பார்க்க வேண்டும் என்று உம்மா விரும்பினார்கள். அன்று ரஜபு மாதத்து முழுநிலா நாள். இரவில் ரயில்.

அந்த இடத்தைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கெஜம் கடலுக்குள் சென்றால் ஒரு பாறைத் திட்டு. அதற்குப் போக ஒற்றை நடைபாதை. கைப்பிடிச் சுவர் கிடையாது. வற்றத்தில் மக்கள் சாரிசாரியாக நடப்பார்கள். ஏற்றத்தில் பாதையே நீருக்குள் மறைந்துவிடும். மும்பையின் ஏற்றம் நம் கரையினுடையது போன்றதன்று. முழுநிலாவிலும் அமாவாசையிலும் நீர் பன்னிரண்டடி அளவுக்கு எழுந்து இறங்கும்.

காலை ஒன்பது மணிக்குக் கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். கோடு இறங்குமுகமாக இருந்தது. பதினொரு மணிக்குச் சற்று முன்பு முழு வற்றம் என்று காட்டியது. நிம்மதியாக நடந்தோம். திட்டில் ஒரு மணி நேரம் இருந்தோம். திரும்பும் வழியில் கால்பங்கு தூரம் வந்திருப்போம். உம்மா நின்றுவிட்டார்கள்.

"கடை விரிச்சிருந்தவங்க எல்லாம் ஏன் வாப்பா சுருட்டிக்கிட்டுப் போறாங்க?"

பார்த்தேன். பாதையோரம் அமர்ந்திருந்த யாசகர்களும் சில்லறை வியாபாரிகளும் மூட்டை கட்டிக்கொண்டு விரைந்துகொண்டிருந்தார்கள். "உச்சி வெயிலுக்கு ஒதுங்குறாங்க உம்மா. கடல் இன்னும் வத்தும். இந்தா பாருங்க, கோடு கீழே எறங்குது" என்று கையை நீட்டினேன்.

"கோடு எறங்கட்டும். நீ கல்லைப் பாரு. வரும்போது காஞ்சு கெடந்த கல்லு இப்ப நனைஞ்சிருக்கு."

அதற்குள் ஓர் அலை பாதையின் மேலேறி எங்கள் கணுக்காலை நனைத்துச் சென்றது. ஓடிக் கடந்துவிடலாம் என்று நான் எண்ணினேன். உம்மாவுக்கு முழங்கால் வலி; ஓட இயலாது. தூக்கிக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன். அவர்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பித் திட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நான் பின்னால் போனேன். திட்டின் படியில் ஏறி நின்று பார்த்தபோது, நாங்கள் நின்று வாதிட்ட இடத்தின்மேல் அலை புரண்டு மறுபக்கம் விழுந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் பாதை இருந்த சுவடே இல்லை. அல்ஹம்து லில்லாஹ்!

உம்மாவின் சர்க்கரை நோய் மாத்திரை தாராவியில் இருந்தது. அங்கே கிடைத்த பிஸ்கட்டைத் தின்று, லுஹர் தொழுதுவிட்டு, பிற்பகல் இரண்டரை மணிவரை நிழலில் அமர்ந்திருந்தோம். ரயிலைப் பிடித்துவிட்டோம். ஊர் வரும்வரை உம்மா என் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்தக் கையேட்டைப் படித்தேன். வாசகர்களே, கடிகாரத்துக்குக் கடல் தெரியாது! அதற்குத் தெரிந்தது நிலவின் கணக்கு மட்டுமே. நிலா ஓர் ஊரின் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அது கணக்கிடுகிறது. நிலா உச்சிக்கு வந்த உடனே கடல் உயர்ந்துவிடுவதில்லை. கடலடித் தரையின் அமைப்பு, கரையின் வளைவு, நீரின் உராய்வு எல்லாம் சேர்ந்து அதைத் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதம் ஒவ்வொரு கரைக்கும் வேறு. அதை நாம்தான் கடிகாரத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். டோக்கியோவுக்கு ஏறத்தாழ 5 மணி 20 நிமிடம். மும்பைக்கு ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம். முழு ஏற்றத்துக்கும் முழு வற்றத்துக்கும் இடைப்பட்டது ஆறேகால் மணி நேரம் அல்லவா? இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடும் கிட்டத்தட்ட அதுவே. தீர்க்கரேகையும் தவறாக இருந்ததால் இன்னும் ஒரு மணி நேரம் பிசகியது. ஏறும் கடலை இறங்கும் கடல் என்று என் கடிகாரம் சொன்னது இதனால்தான். இக்கோட்டை நம்பிக் கலம் செலுத்தாதீர் என்றும் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள்.

என்னை உறுத்தியது இன்னொன்று. ஒவ்வொரு ரமலானிலும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்பவன் நான்: சென்னை நேரத்தைப் பார்த்து இங்கே நோன்பு திறக்காதீர்கள், ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் மாறும், நம் ஊர் சென்னைக்கு மேற்கே ஒன்றரைப் பாகை தள்ளி இருக்கிறது என்று கரும்பலகையில் வரைந்தே காட்டுவேன். அப்படிப்பட்டவன் டோக்கியோவைக் கையில் கட்டிக்கொண்டு உம்மாவைக் கடலுக்குள் அழைத்துப் போனேன்.

கல்லூரியில் அல்பிரூனியைப் பற்றித் தேர்வெழுதியவனும் நானே. 1030-ஐ ஒட்டி அவர் எழுதிய இந்தியா பற்றிய நூலில் ஏற்றவற்றத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மேலைக் கரையின் சோமநாதத்தில் நிலா உதிக்கும்போதும் மறையும்போதும் நீர் ஏறுகிறது, உச்சியில் நிற்கும்போது வற்றுகிறது என்று எழுதியிருக்கிறார். நிலா தலைக்குமேல் இருந்தால் ஏற்றம் என்று நினைப்பவருக்கு அது தலைகீழாகத் தோன்றும். அந்தக் கரையின் தாமதம் அப்படி!

பிறகு நம் கரைக்கான கணக்கை நாங்களே எடுத்தோம். அமாவாசையன்று நிலாவும் சூரியனும் சேர்ந்தே உச்சியைக் கடக்கும். கீழக்கரையில் அது ஏறக்குறைய பகல் 12.15 மணி. அன்று நீர் ஏறி நின்ற நேரத்திலிருந்து அதைக் கழித்தால் தாமதம் கிடைத்துவிடும். அளவுக்கோடு கீறிய ஒரு மூங்கிலைப் படகுத்துறையருகே நட்டு, பெரிய பிள்ளைகள் ஐவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தார்கள். முதல் தடவை காற்று பலமாக அடித்துக் கணக்கைக் கெடுத்தது. அதை விட்டுவிட்டு, நான்கு அமாவாசைகள் குறித்துச் சராசரி எடுத்தோம். ஊர், தீர்க்கரேகை, தாமதம் மூன்றையும் கடிகாரத்தில் ஏற்றினேன். இப்போது கோடும் கடலும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வேறு கரைக்குப் போனால் மூன்றையும் மாற்றிக்கொள்கிறேன். உங்களில் எவரிடமேனும் இத்தகைய கடிகாரம் இருந்தால், முதலில் மினுக்கும் அந்த மூன்றெழுத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

உம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சில மாலைகளில் கைத்தாங்கலாகக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். "என்ன சொல்லுது உன் கடியாரம்?" என்று கேட்பார்கள். சொல்வேன். கேட்டுத் தலையசைத்துவிட்டு, படகுத்துறைத் தூணில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.