சாயம் வெளுத்தது யாரால்?

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று நமது மறையுரையில் ஒரு சொற்றொடர் வந்து விழுந்தது. விழுந்தது என்பதைவிட, நாமே எடுத்து வீசினோம் என்பதே உண்மை. "பீடத்தின் முன் நின்று இனிக் குடிப்பதில்லை என்று வாக்களித்த சிலருக்கு மூன்றே மாதத்தில் சாயம் வெளுத்துவிட்டது" என்றோம். கோவிலில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. யாரைக் குறித்துச் சொன்னோம் என்பதை எல்லாரும் அறிவர். மூன்றாம் தூணருகே அமர்ந்திருந்த அந்த விசைத்தறித் தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் வயது முதிர்ந்த ஒருவர் பின்னறைக்கு வந்து நின்றார். காவிரிக் கரையில், பள்ளிபாளையத்துக்கு அருகே, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நூலுக்குச் சாயம் போட்டவர். "சாமி, தப்பா நெனைக்கக் கூடாதுங்க. சாயம் போச்சுன்னா யாரும் நூலைக் குத்தம் சொல்ல மாட்டாங்க. போட்டவனைத்தாங்க கேப்பாங்க" என்றார். அவ்வளவுதான். தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அச்சொல் நம்மை உறுத்தியது. மறுநாளே அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தோம். புதிய பருத்தி நூலில் இயற்கையாகவே மெழுகும் எண்ணெய்ப் பசையும் உண்டாம். சோடா இட்டு நன்றாக வேகவைத்து அதைப் போக்காவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த சாயமும் மேலோடு ஒட்டி நிற்குமேயன்றி உள்ளே இறங்காது. அவசர வேலைக்காரன் வேகவைக்கும் நேரத்தைத்தான் முதலில் திருடுவான். பார்வைக்கு இரண்டு சிட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் சலவையில்தான் வேற்றுமை தெரியும். பழங்காலத்தில் சாயவேரால் சிவப்பு ஏற்றியவர்கள், வேரும் துணியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளப் படிகாரத்தை இடைநின்று பிடிக்கும் பொருளாகச் சேர்த்தனர். அவுரி நீலத்தின் கதை வேறு. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாகவே இருக்கும். காற்றுப் பட்ட பின்னரே நீலமாகும். ஒரு முறை முக்கினால் வெளிர்நீலம். கருநீலம் வேண்டுமானால் முக்குவதும் காற்றில் விரிப்பதுமாகப் பலமுறை செய்ய வேண்டும்.

நீலத்தொட்டியில் விழுந்த நரியின் கதையை அவரிடம் நினைவூட்டினோம். பெரியவர் சிரித்தார். "சரியா ஏறின நீலம் ஒரு மழைக்கெல்லாம் போகாதுங்க சாமி." அவர் சொன்னது சரியே. பஞ்சதந்திரத்தில் நரியைக் காட்டிக் கொடுத்தது மழையன்று, அதன் ஊளைதான். மழை பெய்து நீலம் கரைந்ததாகச் சொல்வது பிற்காலத்தில் குழந்தைகளுக்காகச் சேர்த்தது போலும்.

நம் தமிழில் சாயத்தை ஒட்டிய வழக்குகளை எண்ணிப் பார்த்தோம். சாயம் வெளுத்தது என்கிறோம். அரசியல் சாயம், சாதிச் சாயம் பூசுகிறார்கள் என்கிறோம். சாயம் என்றாலே வேடம் என்று பொருள் கொண்டுவிட்டோம். தோய்தல் என்ற சொல்லுக்கு மட்டும் இன்னும் மதிப்பு இருக்கிறது: அன்பில் தோய்ந்த சொல், துயரம் தோய்ந்த முகம்.

சீனர்களின் வழக்கு இதனின்று மாறுபட்டது. சாயம் தோய்த்தலை அவர்கள் 'ரான்' என்பர். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மோ ட்சு என்னும் ஞானி, பட்டுக்குச் சாயம் ஏற்றுவதைக் கண்டு பெருமூச்செறிந்தார் என்றும், இட்ட தொட்டி எதுவோ அதன் நிறமே பட்டின் நிறமாகிறது, அரசர்களும் அவ்வாறே என்றார் என்றும் அவர் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. கண்டும் கேட்டும் ஒரு பழக்கம் தானே படிந்துவிடுவதை, 'காது நனைந்து கண் சாயமேறுதல்' என்ற பொருள்படும் தொடரால் குறிக்கின்றனர். கெடுக்கும் சமுதாயத்தைப் 'பெரிய சாயத்தொட்டி' என்பதுண்டு. தொற்றுநோயைச் சுட்டும் சொல்லிலும் இதே ரான் இருக்கிறது. சேலத்துத் திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவு கலந்து ஓடக் கண்டவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆக, நாம் துணியைக் குறை கூறுகிறோம். சீனர் தொட்டியைப் பார்க்கின்றனர். பள்ளிபாளையத்துப் பெரியவரோ சாயக்காரனைக் கேட்கிறார்.

குருமடத்தில் கிரேக்கம் பயின்றபோது, ஞானஸ்நானம் என்னும் சொல்லுக்கு வேரான 'பாப்தோ' என்ற வினைக்கு முக்குதல், சாயம் தோய்த்தல் என இரு பொருளும் உண்டு என்று கற்றோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம், அதற்குமேல் சிந்திக்கவில்லை. ஐரோப்பிய மண்ணில் பவுலடியாரின் போதனையைக் கேட்டு வீட்டாருடன் ஞானஸ்நானம் பெற்ற லீதியா, சாயத்தொழிலுக்குப் பெயர்பெற்ற தியத்திரா நகரத்தவள், இரத்தாம்பரம் விற்றவள். திருச்சபை ஏற்காத அரபு மொழிக் குழந்தைப்பருவ நற்செய்தியில் ஒரு கதை உண்டு. சிறுவனாகிய இயேசு ஒரு சாயக்காரனின் துணிகளையெல்லாம் நீலத்தொட்டிக்குள் போட்டுவிடுகிறார். அவன் அலற, அவனவன் கேட்ட நிறத்திலேயே ஒவ்வொன்றையும் வெளியே எடுக்கிறார். அச்சாயக்காரனின் பெயர் சாலேம்! நமது மறைமாவட்டத்துக்கு இதில் பெருமை கொண்டாட இடமில்லை. ஆயினும் படித்தபோது புன்னகை வந்தது.

ஞானஸ்நானம் ஆன்மாவில் இடும் முத்திரை அழியாதது என்பது நம் விசுவாசம். அதனைக் குருக்களாகிய நாம் காய்ச்சவில்லை. ஆகவே அது வெளுப்பதுமில்லை. நாம் போட்ட சாயம் வேறு. அந்தத் தொழிலாளியிடம் திருவிழாக் கூட்டத்தின் நடுவே, ஐந்து நிமிடத்தில், ஓர் அட்டையில் கையொப்பம் வாங்கினோம். அதன்பின் மூன்று மாதத்தில் ஒருமுறையேனும் அவர் வாசற்படி ஏறினோமா? இல்லை. வேகவைக்காத நூல்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் மனைவி முக்காலியைத் துடைத்துப் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியது தவறு" என்றோம். "பொய் ஒண்ணும் சொல்லலீங்களே, சாமி" என்றார் அவர். நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "மறுபடி வாக்குக் குடுன்னு மட்டும் கேக்காதீங்க. சனிக்கிழமை கூலி வாங்கிட்டு வர்ற நேரம்தாங்க என்னால முடியல. அந்த நேரத்துக்கு யாராச்சும் கூட நடந்தா போதும்" என்றார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி நாம் பாவசங்கீர்த்தனம் கேட்க அமரும் நேரம். நம் பங்கில் அது இப்போது ஏழரை மணிக்கு நடைபெறுகிறது.