பழைய பொறியும் நேரிய விலையும்

புதுப் பொருளின் விலையைக் கடைக்காரர் சீட்டில் எழுதி ஒட்டிவிடுகிறார். விரும்பியவர் வாங்குவர்; விரும்பாதவர் விலகிச் செல்வர். பழைய பொருளின் நிலை அத்தகையதன்று. அதன்மேல் சீட்டு இல்லை. இருவர் எதிரெதிரே நின்று பேசிய பின்னரே அதன் விலை பிறக்கிறது. அப்பேச்சில் சொல்லப்படுவதைவிட மறைக்கப்படுவது மிகுதி. விற்பவர் பொருளின் குறையை மறைக்கிறார். வாங்குபவர் தம் விருப்பத்தை மறைக்கிறார். இவ்விரண்டு மறைப்புகளுக்கும் இடையே நேரிய விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

அமெரிக்காவில் சிகாகோ நகரின் புறப்பகுதியில், ஒரு வீட்டின் நிலவறையில் நடந்த சிறு வாணிகம் ஒன்று இவ்வினாவுக்கு விடை தருகிறது. அங்கே விலைபேசப்பட்டது ஒரு விளையாட்டுப் பொறி. பின்பால் என்பது அதன் பெயர்.

மேசைபோல் நான்கு கால்களில் நிற்கும் நீண்ட பெட்டி. அதனுள் ஆடுபவரை நோக்கிச் சரிந்த பலகை. பலகையின்மேல் கண்ணாடி மூடி. ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு ஒன்று, விசைக்கோலால் உந்தப்பட்டு மேலேறி, பல தடைகளில் முட்டிமோதிக் கீழே உருண்டு வருகிறது. பெட்டியின் இரு பக்கங்களிலும் உள்ள பொத்தான்களை அழுத்தினால் இரண்டு சிறு துடுப்புகள் துள்ளும். அவற்றால் குண்டு விழாமல் தடுத்து மீண்டும் மேலே அனுப்புவதே ஆட்டம்.

துடுப்புகள் தொடக்கத்திலேயே வந்தவை அல்ல. காட்லீப் என்னும் சிகாகோ நிறுவனம் 1947இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற பொறியில்தான் அவை முதன்முதல் இடம்பெற்றன. அதற்கு முன்னர்க் குண்டு போன போக்கே ஆட்டத்தின் முடிவாக இருந்தது. ஆகவே பலரும் அதனைச் சூதாட்டமாகவே கருதினர். 1942இல் நியூயார்க் நகரம் அதனைத் தடைசெய்தது. மேயர் லா கார்டியாவின் ஆணைப்படி பொறிகள் பறிக்கப்பட்டுச் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார்முன், குண்டு எவ்வழியே செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே செலுத்திக் காட்டினார். அது திறமையால் ஆடப்படும் ஆட்டம் என்பது உறுதியாயிற்று, தடையும் நீங்கிற்று.

இப்பொறியின் அமைப்பில் இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. ஆடுபவர் பெட்டியைச் சற்றே அசைத்துக் குண்டின் போக்கைத் திருத்திக் கொள்ளலாம். அது குற்றமன்று, ஆட்டத்தின் நுட்பங்களுள் ஒன்று. ஆனால், பெட்டிக்குள் ஒரு வளையத்தின் நடுவே ஊசல் ஒன்று தொங்குகிறது. அசைவு அளவு மீறினால் ஊசல் வளையத்தைத் தொடும். உடனே துடுப்புகள் செயலிழக்கும். குண்டு வீணே கீழே விழும். அசைக்க உரிமை உண்டு. அளவு மீற உரிமை இல்லை.

2019ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அந்த நிலவறைக்கு வந்தவர், ஓய்வு பெறும் நிலையில் இருந்த ஒரு கணித ஆசிரியர். வீட்டுக்கு உரியவர் கணவரை இழந்த மூதாட்டி. வீட்டை விற்றுவிட்டு மூன்றாம் மாடியில் ஒரு சிறு குடியிருப்புக்குப் போக இருந்தார் அவர். நூறு கிலோவுக்கும் மிகுந்த எடையுள்ள பொறியை அங்கே ஏற்ற முடியாது. ஏற்றினாலும் வைக்க இடமில்லை. கணவர் பல்லாண்டுகளாகப் பேணிய பொருள் அது. அவர் மறைந்தபின் ஒருநாள் தானே நின்றுபோயிற்று. "ஓடாத பொறி. 500 வெள்ளி கொடுத்தால் எடுத்துச் செல்லலாம்" என்றார் அம்மூதாட்டி.

ஆசிரியர் பொறியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பேலி நிறுவனம் 1977இல் வெளியிட்ட 'எயிட் பால்'. அந்நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொறிகள் செய்யப்பட்டன. 1992இல் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' வரை அந்த எண்ணிக்கையை வேறொன்றும் மிஞ்சவில்லை. பள்ளி மாணவராக இருந்தபோது கையிலிருந்த காசையெல்லாம் அவர் இழந்தது அந்தப் பொறியிடந்தான். ஆயினும் அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. விலைபேசுவோரின் பழக்கம் அது.

இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதன்று எனினும், அருமையாகக் கிடைப்பதும் அன்று அப்பொறி. எனவே அதன் விலையை அருமை தீர்மானிப்பதில்லை, நிலைமையே தீர்மானிக்கிறது. நிலைமையை அறிய மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஆட்டப் பலகை. பல்லாயிரம் முறை உருண்ட குண்டு வண்ணத்தைத் தேய்த்து மரத்தை வெளிக்காட்டியிருக்கும். இரண்டாவது, தலைப்பெட்டியில் உள்ள படக்கண்ணாடி. அதன் வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் பூசப்பட்டது. விளக்குகளின் சூட்டாலும் நிலவறையின் ஈரத்தாலும் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த வண்ணத்தை மீண்டும் ஒட்ட இயலாது. மூன்றாவது, கண்ணாடிக்குப் பின்னே உள்ள மின்சுற்றுப் பலகை. மின் இணைப்பை நிறுத்திய பின்னும் புள்ளிக் கணக்கை நினைவில் வைத்திருக்க அதன்மேல் ஒரு மின்கலம் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் பல கழிந்தால் அது கசியும். கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்துவிடும். வெளியே பளபளக்கும் பொறி உள்ளே உயிரற்றுக் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆசிரியர் இசைவு பெற்றுத் தலைப்பெட்டியைத் திறந்தார். பச்சை படர்ந்த பலகையையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் பலகை புதிதுபோல் தூய்மையாக இருந்தது. மறைந்த கணவர் பழைய மின்கலத்தை என்றோ அகற்றிவிட்டு, நீண்ட கம்பியின் வழியே வேறோர் மின்கலக் கூட்டைப் பெட்டியின் அடிப்பகுதியில் பொருத்தியிருந்தார். கசிந்தாலும் பலகையைத் தொடாது. பொறி நின்றுபோனதற்குக் காரணம் ஒரு பியூஸ் எரிந்ததுதான். சில காசு விலையுள்ள பொருள்!

இங்கேதான் அந்த வாணிகத்தின் உண்மையான பேரம் தொடங்கியது. அது ஆசிரியருக்கும் மூதாட்டிக்கும் இடையே நடந்ததன்று. ஆசிரியருக்கும் அவருடைய மனத்துக்கும் இடையே நடந்தது. 500 என்று சொன்னவர் அந்த அம்மையார். இவர் பொய் ஒன்றும் கூறவில்லை. பொறியின் உள்ளமைப்பை அறிய இவர் செலவிட்ட ஆண்டுகள் எத்தனை! அவ்வறிவுக்கு ஊதியம் வேண்டாவா? 500 வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனால் எந்த நீதிமன்றமும் இவரைக் குற்றம் கூறாது.

இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. பழம்பொருள் வாணிகமே தொழிலாக உடையவர் ஒரு பொருளுக்குக் குறைந்த விலை சொன்னால், அதனை அறிந்துகொள்ளும் பொறுப்பு அவருடையது. ஆனால் அம்மூதாட்டி வணிகர் அல்லர். தலைப்பெட்டியின் பூட்டு எப்பக்கம் திறக்கும் என்பதைக்கூட அறியாதவர். இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு வென்றால் அதற்கு வெற்றி என்று பெயரா?

ஆசிரியருக்கு இன்னொரு பொறியும் நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஒருவரிடம் ஒரு பொறியை வாங்கினார். விற்றவர் அதன் பலகை அரிக்கப்பட்டிருப்பதை அறிந்தே மறைத்துவிட்டார். அது இன்றும் அவருடைய வண்டிக் கொட்டகையில் துணி போர்த்தப்பட்டு நிற்கிறது. இழந்த பணத்தை அவர் மறந்துவிட்டார். விற்றவர் சிரித்த முகத்தை மறக்க இயலவில்லை. தாமும் இன்னொருவர் வீட்டிலிருந்து அத்தகைய முகத்தோடு வெளியேற வேண்டுமா?

அவர் தம் பையிலிருந்து ஒரு பியூஸை எடுத்துப் பொருத்தினார். விளக்குகள் எரிந்தன. குண்டு ஓடியது, மணிகள் ஒலித்தன. மூதாட்டி படியில் அமர்ந்துவிட்டார். சற்றுநேரம் எவரும் பேசவில்லை.

பின்னர் ஆசிரியர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்துக் கணக்கு எழுதினார். நன்கு ஓடும் இத்தகைய பொறிக்கு அவர் அறிந்த விலை 1,800 வெள்ளி. படக்கண்ணாடியில் வண்ணம் உதிர்ந்ததற்கு 250 கழிவு. பலகைத் தேய்வுக்கு 150. இரப்பர் வளையங்கள், விளக்குகள் முதலியவற்றை மாற்ற 100. எஞ்சுவது 1,300. ஒவ்வொரு குறையையும் கையால் தொட்டுக் காட்டினார். கழிவு எழுதாத நிறைகளையும் அவ்வாறே காட்டினார்.

மூதாட்டியின் மகன் அருகில் நின்றிருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை; ஐயமே தோன்றியது. "ஐந்நூறு கேட்ட பொருளுக்கு ஆயிரத்து முந்நூறு தருகிறேன் என்கிறீர்கள். அப்படியானால் உண்மை விலை மூவாயிரமாக இருக்குமோ?" என்றார்.

நேர்மைக்கு நேரும் துன்பம் இதுதான். பொய்யை எளிதில் நம்பும் உலகம் மெய்யைக் கண்டதும் அதன் பின்னால் ஒளிந்திருப்பது யாது என்று தேடுகிறது. ஆனால் மகன் கேட்டதில் தவறில்லை. தாயின் பொருளைக் காக்க வேண்டியவர் அவர். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. "நீங்கள் கேட்பது முறையே. இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். வேறு இருவரிடம் விசாரியுங்கள். ஒரு வாரம் காத்திருப்பேன்" என்று கூறிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். முன்பணமும் கொடுக்கவில்லை, வாக்குறுதியும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த பொறி கைநழுவிப் போகக்கூடும் என்பதை அறிந்தே சென்றார்.

அந்த வாரம் அவருக்கு எளிதாகக் கழிந்திராது. தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் நெஞ்சு துடித்தது என்று பின்னர் அவரே நண்பர்களிடம் கூறினார்.

ஆறாம் நாள் மூதாட்டி அழைத்தார். வணிகர் ஒருவர் வந்து பார்த்து 600 என்றாராம். பியூஸைப் பற்றியோ பலகையைப் பற்றியோ அவர் வாய் திறக்கவில்லை. இன்னொருவர் நிழற்படத்தை மட்டும் பார்த்துவிட்டு 1,450 தருவதாகச் சொன்னாராம். "உங்கள் கருத்து என்ன?" என்று வாங்க வந்தவரிடமே கேட்டார் அந்த அம்மையார்.

"அவர் தருவது நல்ல விலை. ஆனால் படக்கண்ணாடியை நேரில் பார்த்தால் குறைக்கக்கூடும்; குறைக்காமலும் வாங்கக்கூடும். அதனை நான் அறியேன். என் கணக்கு 1,300தான்" என்றார் ஆசிரியர்.

மறுமுனையில் சிறிது மௌனம். "நீங்களே வந்து எடுத்துச் செல்லுங்கள்" என்ற விடை வந்தது.

வாணிகம் அத்துடன் முடிந்துவிடவில்லை. பொறியை நிலவறைப் படிகளில் ஏற்றி வெளியே கொண்டுவர இரண்டு ஆட்கள் தேவை. கூலி 120 வெள்ளி. அதனை விற்பவர் ஏற்பதே வழக்கம் என்றார் ஆசிரியர். வாங்குபவர்தாம் ஏற்க வேண்டும் என்றார் மகன். இருவரும் சிரித்துக்கொண்டே வாதிட்டனர். இறுதியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. தமக்குரிய 60 வெள்ளியை விலையில் கழித்துக்கொள்ளுமாறு மகனே கூறினார். ஆசிரியர் 1,240 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். ஆட்களின் கூலியைத் தாமே செலுத்தினார். இத்தனை உயர்ந்த மனிதர் 60 வெள்ளிக்காகவா வாதிட்டார் என்று வியக்க வேண்டுவதில்லை. பேரம் பேசுதல் இழிவன்று. பொறியை மெல்ல அசைப்பது போன்றது அது. எதிரில் நிற்பவரும் அதே பொறியைப் பார்க்க முடிகிற வெளிச்சத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். அவருடைய அறியாமையையே பிடியாகக் கொண்டு உலுக்கும்போதுதான் ஊசல் வளையத்தைத் தொடுகிறது.

வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகர்க்கென ஒதுக்கினார். தராசைத் தொடுபவன் எதிரில் நிற்பவனின் பொருளையும் தன்னுடையதாக எண்ண வேண்டும் என்பது அதன் கருத்து. விற்பவர்க்கு மட்டும் உரிய அறம் இது என்று பலர் கருதுகின்றனர். அறிந்தவர் எப்பக்கம் நிற்கிறாரோ அப்பக்கத்திற்கு உரிய அறம் இது. குறையை அறிந்த விற்பவர் அதனைச் சொல்ல வேண்டும். நிறையை அறிந்த வாங்குபவரும் அதனைச் சொல்ல வேண்டும். இருவரும் அறிந்தவற்றை மேசைமேல் வைத்த பின்னர் எஞ்சுவதே நேரிய விலை. அது 1,300ஆக இருக்கலாம், 1,240ஆகவும் இருக்கலாம்.

பொறி வண்டியில் ஏற்றப்பட்டபோது மூதாட்டி வாயிலில் நின்றுகொண்டிருந்தார். கணவர் மின்கலத்தை அகற்றிய செய்தியை அதுவரை தாம் அறிந்திருக்கவில்லை என்றார். "அவர் எதையும் கெடவிடமாட்டார்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். அதன் பின்னர் ஆசிரியரிடம், "எப்போதாவது அதன் மணியோசையைக் கேட்க வரலாமா?" என்று கேட்டார்.

வரலாம் என்றார் ஆசிரியர். 500 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்குமா?