இடையில் கட்டுவது எது?



டில்லியிலுள்ள நம் சபையின் விசுவாசி ஒருவர் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்கிறவர். சனிக்கிழமைதோறும் தொழிலாளரின் கூலிப் பணத்தைக் கையில் எடுத்துச் செல்வார். ஒரு மாலையில் இருவர் கத்தியைக் காட்டி அதைப் பறித்துக்கொண்டனர். "பாஸ்டர் ஐயா, சட்டைக்குள் மறைத்துவைக்க ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா? எதை வாங்குவது?" என்று என்னிடம் வந்தார்.

படைவீரராயிருந்து ஓய்வுபெற்ற நம் சபை மூப்பரையும் அழைத்தேன். அவர் பொறுமையாய் விளக்கினார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது. காவல்துறையின் விசாரணை அறிக்கையும் வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு மூடியே கொண்டுசெல்ல வேண்டும். 9 மில்லிமீட்டர் ரகம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது; பலரும் வாங்குவது .32 ரகமே. 2014இல் கான்பூரிலிருந்து வெளிவந்த 'நிர்பீக்' ரிவால்வரின் எடை ஏறக்குறைய 500 கிராம். அன்றே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பின்னும் உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கக்கூடும். ஆகவே புதியவருக்கு ரிவால்வரே எளிது என்றார்.

வேதம் இதைக்குறித்து மௌனமாயில்லை. இரவில் கன்னமிடுகிற திருடன் அடிபட்டுச் செத்தால் பழியில்லை; சூரியன் உதித்திருந்தாலோ பழியுண்டு (யாத்திராகமம் 22:2,3). தற்காப்புக்கும் தேவன் எல்லை வைத்தார். தேவைக்கு மிஞ்சிய தீங்கை நம் தேசத்தின் சட்டமும் அனுமதிப்பதில்லை. சீஷர் பட்டயம் வைத்திருந்ததை ஆண்டவர் அறிந்திருந்தார். ஆயினும் பேதுரு அதை உருவி வெட்டியபோது, வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார்.

பின்பு நான் ஒன்றைக் கேட்டேன்: "தம்பி, வீட்டில் மகன் எப்படியிருக்கிறான்?"

அவர் தலைகுனிந்தார். வேலை இழந்த அந்த வாலிபன் மாதக்கணக்காய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். உயிர் வாழ விருப்பமில்லையென்று தாயிடம் சொல்லியிருக்கிறான்.

பிரியமானவர்களே, துப்பாக்கி கள்வனுக்காக வாங்கப்படுகிறது. கள்வனோ என்றோ ஒருநாள் வருகிறவன். வீட்டார் அதனோடு எந்நாளும் வாழ வேண்டும். மனச்சோர்வின் கொடிய வேளை கடந்துபோகக்கூடியது. ஆயுதம் கைக்கெட்டும் தூரத்திலிருந்தால், அது கடந்துபோகும்வரை உயிர் தங்காமற்போகலாம்.

கூலியை வங்கிக்கணக்கு வழியாய்க் கொடுக்கலாம் என்றேன். மறுவாரமே அப்படிச் செய்யத் தொடங்கினார். மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவன்று. உரிம விண்ணப்பம் இன்னும் அவர் மேசையில் இருக்கிறது. தீர்மானம் அவருடையது, நான் அதைக் கிழிக்கச் சொல்லவில்லை.

ஆயுதம் வாங்க நினைக்கிற குடும்பத் தலைவரே, எந்த ரகம் என்று கேட்குமுன் உம் வீட்டிலே எந்தக் கதவு சாத்தியிருக்கிறதென்று பாரும். முதலில் அதைத் தட்டும். சத்தியம் என்னும் கச்சையை இடையில் கட்டிக்கொண்டு (எபேசியர் 6:14) வீட்டாரைக் காக்கக் கர்த்தர் உமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.