அச்சு இயந்திரமும் அமானிதமும்

குவளையிலும் சட்டையிலும் படம் பதித்து விற்கும் தொழில் தொடங்கவிருக்கும் பழைய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், எந்தப் பிரிண்டர் வாங்கலாம்?" என வினவினார். நம் தரங்கம்பாடியின் வரலாற்றையே விடையாகச் சொன்னேன்.

சீகன்பால்கு காலத்தில் லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் இங்கு வந்து சேர்ந்தன. எழுத்துகளோ பெரியவை, காகிதம் போதவில்லை. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். இயந்திரம் வாங்குவதினும் அதற்குத் தீனி போடுவதே கடினம்.

சப்ளிமேஷனும் அவ்வாறே. அதன் மை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகி, பாலியஸ்டர் இழைக்குள் புகுகிறது. மையைச் சூடாக்கித் தெளிக்கும் பிரிண்டர் இதற்கு ஒவ்வாது. அழுத்தத்தால் துளியைத் தள்ளும் பீசோ வகையே ஏற்றது. குவளைக்கு ஏ4 அளவு போதும். சட்டையின் முன்பக்கம் நிறையப் பதிக்க ஏ3 வேண்டும். நாள்கணக்கில் ஓடாமல் கிடந்தால் மை உலர்ந்து முனை அடைபடும். ஆதலால் வட்டிக் கடனில் பெரியதை வாங்குவதைவிட, வரும் வேலைக்கும் கையிருப்புக்கும் ஏற்ற சிறியதே மேல்.

பருத்தியில் இந்த மை நிலைக்காது; கறுப்புத் துணியில் தெரியாது. வாடிக்கையாளர் கேட்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து ஈட்டும் இலாபத்தில் பரக்கத் இராது.