கண்மடலில் ஒரு மஞ்சள்

மனித உடம்பிலே மிக மெல்லிய தோல் கண்மடலின் தோலேயாகும். அத்தோலினுள்ளே, பெரும்பாலும் மூக்கை அடுத்த மூலையில், நடுவயதை எட்டிய சிலருக்கு மஞ்சள் நிறத் தட்டுக்கள் தோன்றுவதுண்டு. வலியில்லை; பார்வைக்கும் பொதுவாகத் தடையில்லை. மேலைநாட்டு வைத்தியர் இதனைச் சாந்தலாஸ்மா என்பர். மஞ்சள் என்றும், அடித்துத் தட்டிய தகடு என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. பொருத்தமான பெயர்தான் என்பதை எமது முகக்கண்ணாடியே எமக்குக் காட்டிற்று.

மோனா லிசா ஓவியத்திலும் இடக்கண்ணின் மேன்மடலில் இத்தகைய படிவொன்று தீட்டப்பட்டிருக்கிறது என்று வைத்திய அறிஞர் சிலர் எழுதியுள்ளனர். இச்செய்தியை வகுப்பிலே சொன்னபொழுது, பின்வாங்கிலிருந்து ஒருவன், "அப்ப சேரும் மோனா லிசாவோ?" என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம்.

வீட்டிலே சிரிப்பில்லை. "தம்பி, கொப்பருக்கும் உந்த இடத்திலைதான் மஞ்சள் கிடந்தது" என்றார் அம்மா. தந்தையார் 1991 இல், 52 ஆவது வயதில், மாரடைப்பினால் இறந்தவர். எமக்கு அப்பொழுது 12 வயது. சுவரிலுள்ள படத்தை இறக்கிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அக்காலத்துப் படக்காரர் முகத்திலுள்ள மறுக்களையெல்லாம் திருத்திவிடுவார் அல்லவா?

படிவுகளை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்கப் போன எம்மை, சத்திரசிகிச்சை வைத்தியர் முதலில் குருதிப் பரிசோதனைக்கே அனுப்பினார். குருதியிலுள்ள கொழுப்பை விழுங்கிய உயிரணுக்கள் நுரை நிறைந்தவை போலாகித் தோலிலே தங்குவதால் இப்படிவு உண்டாகின்றது. ஆயினும் இது உடையவர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேருக்குக் குருதிக் கொழுப்பு இயல்பான அளவிலேயே இருக்கும். அதனால் அவர்கள் முற்றாகக் கவலையற்றிருக்கலாமோ என்றால், அதுவும் இல்லை. கொப்பன்ஹேகன் நகரில் 1976 முதல் 1978 வரையில் 12,745 பேரைப் பரிசோதித்து, 2009 வரை தொடர்ந்து கவனித்தனர். 100 பேரில் நால்வருக்குச் சற்று அதிகமானோரிடம் இம்மஞ்சள் இருந்தது. குருதிக் கொழுப்பின் அளவைக் கணக்கிலெடுத்து ஒதுக்கிய பின்னரும், அவர்களுக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பு மற்றையோரிலும் கூடுதலாகவே காணப்பட்டது. 2011 இல் இம்முடிவு வெளியாயிற்று.

எமது குருதியிலோ தீய கொழுப்பு 100 மில்லிலீற்றருக்கு 212 மில்லிகிராம் இருந்தது. 100 இற்குள் நிற்பதே நன்று. ஸ்டற்றின் என்னும் குளிசையை நாளும் இரவில் விழுங்கத் தொடங்கினோம். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து கிளைத்த மருந்தினம் இது. மூன்று மாதத்தில் அளவு பாதியாகக் குறைந்தது. மஞ்சளோ அசையவில்லை.

"உள்ளுக்குச் சரியாகுதெண்டால் வெளியிலை கிடந்திட்டுப் போகட்டுமே. இந்த வயசிலை உங்களுக்கென்ன அழகு?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா எமது முகத்தை நேரே பார்ப்பதை விட்டுவிட்டார். சோறு பரிமாறும்போதும் கோப்பையைப் பார்த்தே பேசினார். அதனாற்றான் வெட்டுவது என்று முடிவு செய்தோம்.

அமிலந் தடவுதல், லேசர்க் கதிரால் எரித்தல் முதலிய முறைகளும் உள. எம் போன்ற கருநிறத்தவரின் தோலிலே அவை வெளிறிய அல்லது கறுத்த தழும்பை விடக்கூடுமென்று வைத்தியர் கத்தியையே தேர்ந்தார். எம்மை நிமிர்ந்து இருக்கச் செய்து, மையினால் நெல்மணி வடிவில் எல்லை வரைந்தார். படுத்தால் தோல் இழுபட்டு அளவு மாறிவிடுமாம். பின்னர் விறைப்பூசி. அந்தக் குத்து மட்டுமே நோவு. அதன்பின் இழுபடுவது தெரியும், வெட்டுவது தெரியாது. மேன்மடலில் வயதோடு தோல் தளர்ந்து கிடப்பதால் எடுப்பது எளிது. கீழ்மடலிலே அளவுமீறி எடுத்தால் மடல் கண்ணைவிட்டுக் கீழே விலகிவிடும். ஆகவே அங்கே கை மிக அடங்கியே செல்லவேண்டும். எமக்கு நல்லவேளையாக இரண்டும் மேன்மடலிலே இருந்தன. தலைமயிர்போன்ற நூலால் பக்கத்துக்கு நான்கு தையல்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

மறுநாள் இரு கண்களும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. பக்கத்து வீட்டு அண்ணர், "ஆரோடை சண்டை?" என்று வேலிக்கு மேலால் விசாரித்தார். கண்மடலிற் குருதியோட்டம் மிகுதியாதலால் வீக்கமும் விரைவு, ஆறுதலும் விரைவு. ஆறாம் நாள் தையல் பிரித்தனர். இன்று தழும்பு மடலின் மடிப்புக்குள்ளே மறைந்து கிடக்கிறது. மீண்டும் வராது என்று வைத்தியர் வாக்குத் தரவில்லை. 1976 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதன்முறை வெட்டியோரில் நூற்றுக்கு 40 பேருக்குத் திரும்பவும் தோன்றியிருந்தது.

தையல் பிரித்த அன்று மாலை அம்மா எமது தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இரு மடல்களையும் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரவு சொதிக்கு முதற்பாலைக் குறைத்து ஊற்றினார்.

கனடாவிலுள்ள தம்பிக்கும் எழுதினோம். அவனுடைய கண்மடல்களில் ஒரு புள்ளிதானும் இல்லை; குருதிக் கொழுப்போ எம்முடையதிலும் கூட. குடும்பவழி வரும் இக்குறை பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டென்று வைத்தியர் விளக்கினார். எமது மகனுக்கு இப்பொழுது 12 வயது. பாடசாலை விடுமுறை தொடங்கியதும் அவனையும் பரிசோதனைக்கு அழைத்துவரும்படி துண்டு எழுதித் தந்திருக்கிறார்.